சேவல் எங்கே, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறேன். கொக்காவின் மூத்தவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வேறு புதினம் இல்லை.

உன் சுக்கான் பிடியில் குத்துகிற ஆணியின் பித்தளைச் சேவல் எங்கே?

போன 7ஆம் திகதி அல்பேட்டனிலிருந்து லண்டன் கால்வாய்க் கரையால் நடந்து ஹோர்சென்டன் குன்றடிவரை வந்தேன். டொக்டர் நடக்கச் சொன்னவர், அதுதான். நீ குடியிருக்கிற வள்ளம் நின்றது. புகைக்குழாயால் புகை வந்தபடியால் நீ உள்ளே இருந்திருப்பாய். பின்பக்கம் எட்டிப் பார்த்தால் சுக்கான் பிடி கழற்றாமல் அப்படியே கிடக்கிறது. சேவல் ஆணி குத்துகிற ஓட்டையில் மஞ்சள் பிடி போட்ட பழைய ஸ்குரூ டிரைவர் ஒன்று. 25ஆம் திகதி திரும்ப வந்தேன். அதே இடம், அதே ஸ்குரூ டிரைவர்.

வள்ளத்தைக் கட்டியவுடன் ஆணியை உருவி, பிடியைக் கழற்றி, இரண்டையும் உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் களவு போகும் என்று எனக்குச் சொல்லித்தந்தவன் நீ. நிரந்தரத் தரிப்பிடம் இல்லாத வள்ளங்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது, அது 1995ஆம் ஆண்டுச் சட்டம் என்று சொன்னவனும் நீதான். நான் கண்ட கணக்கே 18 நாள்.

வருத்தம் ஏதுமோ? எஞ்சின் பழுதோ? அந்தப் பிள்ளையைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று கொம்மாவின் ஆட்டைத்திவசத்தன்றே முடிவெடுத்துவிட்டேன். அன்று நீயும் இலையில் கை வைத்துவிட்டு எழும்பிப் போனனீ.

அடுப்பு எரித்துக்கொண்டு படுக்காதே. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 2019இலிருந்து அலாரம் கட்டாயம் என்பதற்காக மாட்டிவிட்டு மறந்துவிடாதே, பொத்தானை அமத்திச் சத்தம் வருகிறதோ என்று பார்.

வரும் வழியெல்லாம் மற்ற வள்ளங்களின் ஆணிகளைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். ஓடிப்போன ஒன்றில் பித்தளை வாத்து, இன்னொன்றில் மீன்கொத்தி. ஒரு கிழவர் பழைய தண்ணீர்க் குழாயின் திருகுபிடியைக் குத்தியிருந்தார். பிளம்பராய் இருந்த தகப்பனுடையதாம், நான் கேளாமலே சொன்னார். ஸ்பார்க் பிளக்கை ஒட்டவைத்தவனும் இருக்கிறான். இரும்புக் கழுத்தில் கொழுவிய பிடி கழன்று போகாமல் இருக்க ஒரு சாதாரண ஆணியே போதும். ஆனாலும் அந்த இத்தனூண்டு இடத்தில்தான் ஆளாளுக்குத் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்து நிற்பாட்டியிருக்கிறார்கள். சேவல் ஒருத்தரிடமும் இல்லை.

தண்ணிக்குள் விழுந்துவிட்டதோ என்றுதான் எனக்கு நித்திரை இல்லை. கயிறு கட்டிய காந்தம் ஒன்று வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மூளை வேலை செய்தது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. தண்டாவது இரும்பென்றால் பிடிக்கும். துருப்பிடிக்கக்கூடாது என்று ஸ்டெயின்லெஸ் கம்பி தேடிப் போட்டவன் நான். 19 வருடம் லேத்தில் நின்றவனின் கெட்டித்தனம்! தக்கை கோத்துக் கட்டச் சொல்லி அப்பவே சொன்னேன், நீ சிரித்தாய்.

உன்னை ஏசுவதற்கு எழுதவில்லை. ஹான்வெல்லில், தண்ணியை வடித்து வள்ளத்தைப் பதிக்கிற ஆறு லொக்கும் இறங்கின அன்று உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேனே. ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வள்ளத்தைப் பிடித்து வைத்தாய். பிசகினால் பின்பக்கம் சிமெந்துப் படியில் ஏறி இருந்துவிடும், முன்பக்கம் தண்ணிக்குள் குத்தும். நீ ஒருக்காலும் அவசரப்படவில்லை. நம்முடைய ஊர் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அது 89 அடிக் கப்பல். உன்னுடையது 57 அடி, அகலம் ஏழடியும் இல்லை. தண்டையலாய்க் கப்பலோட்டிய அப்பு கண்டிருந்தால் பாம்பு என்றிருப்பார். இருந்தாலும் அந்தத் தண்டையலின் பேரன்தான் நீ என்று அன்று நினைத்தேன். சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் போகும். சொன்னதற்கு எதிர்ப்பக்கம் போகிற உனக்கு அது பழகக் கஷ்டமாய் இருந்திராது.

இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சேவலைத் தந்தது நான் என்றுதான் இதுவரை நினைத்திருப்பாய். ஹான்வெல்லில் உன் கையில் வைத்து, "நான் யோசிச்சுச் செய்தனான்" என்றேன். கொம்மா பக்கத்தில் நின்றவ. ஒன்றும் சொல்லவில்லை.

யோசித்தது அவ. அந்த இரும்பை அன்னக் கழுத்து என்று வெள்ளையள் சொல்வதாக நீ சொன்ன நாளிலிருந்து, "அன்னத்தின்ர கழுத்தில எங்கட சந்நிதி முருகன்ர சேவல் இருக்கட்டும், பிள்ளை தனியப் போறான்" என்று ஒரே பாட்டு. அப்பாச்சியின் குத்துவிளக்கின் தலையைக் கழற்றுவதோ என்று நான் கத்தினேன். மொட்டை விளக்கு வீட்டுக்கு ஆகாது என்றேன். வீடு வாசல் இல்லாமல் மிதக்கிறவனுக்கு என் தாயின் விளக்கோ என்றும் கேட்டேன். அவ இரவோடு இரவாகக் கழற்றிச் சீலைத் துண்டில் சுற்றி என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தவ. மூன்று நாள் நான் அவவோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் எடுத்துக்கொண்டுபோய் அடிப்பக்கம் துளைத்து 8 மில்லிமீற்றர் மரை வெட்டினேன். வெட்டும்போதும் கோபம்தான். ஒரு தரம் கை நடுங்கி, சேவலின் இடது காலில் அரம் உரசியது. அந்தக் கீறலை நீ கண்டிருப்பாய்.

பிறகு எட்டு மாதம்தான் இருந்தவ. ஆசுப்பத்திரியில் வைத்தாவது, பிள்ளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த 25ஆம் திகதி உன் வள்ளத்துப் பக்கக் கதவுக்கு நேரே நின்றேன். தட்டக் கை தூக்கினேன். நாயோடு ஒருவர் வர, வழிவிடுகிற மாதிரி விலகி அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு பத்து மணிக்கு வருவேன், தட்டுவேன். சேவல் லாச்சிக்குள் இருந்தால் காட்டு. தண்ணிக்குள் போயிருந்தால் அதையும் சொல், ஏசமாட்டேன். புதிதாக ஒன்று கடைந்து வைத்திருக்கிறேன். தலையில் பறவை ஒன்றும் இல்லை, வெறும் உருண்டை. இந்த முறை தண்டுக்குச் சாதா இரும்புதான் போட்டேன். துருப்பிடித்தால் துடைக்கலாம்.

அலாரத்தை அமத்திப் பார்.

அப்பா