பைட்டை விடுங்கள், எழுத்தை எண்ணுங்கள்

இணையவழியில் உரையைப் பேச்சாக்கித் தரும் சேவைகளை நடத்துவோருக்கு,

வணக்கம். உங்கள் தமிழ்க் குரல்களை வலைப்பக்கங்களில் இணைக்கும் நிரலாளர்களில் நானும் ஒருவன். உலாவிக்கே பேசும் வசதி உண்டுதான். ஆனால் கருவியில் தமிழ்க் குரல் இல்லாவிட்டால், பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பெரும்பாலும் சத்தம் வராது. அதனால்தான் உங்களைத் தேடி வருகிறோம். குரல்களில் எனக்குக் குறையில்லை. குறை, நீங்கள் எண்ணும் விதத்தில்தான்.

உங்களில் சிலர், ஒரு முறை அனுப்பும் உரைக்கு 5000 பைட் (கணினி தரவை அளக்கும் அலகு) என வரம்பு வைத்திருக்கிறீர்கள். "தமிழ்" என்ற சொல்லையே பாருங்கள். படிப்பவருக்கு 3 எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள். அவற்றைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 5 பைட்டில் முடிந்துவிடும். 5000 பைட்டுக்குள் தமிழில் 1,666 குறியீடுகள்தான் அடங்கும். ஒரு சுமாரான கட்டுரைக்கே அது போதாது.

சரி, வெட்டி வெட்டி அனுப்பலாம் என்றால் அங்கேதான் வினை. பார்வையற்ற வாசகர் ஒருவர் என்னை அழைத்து, "நடுவுல பாதி வார்த்தைய முழுங்கிடுதுங்க" என்றார். போய்ப் பார்த்தால், என் நிரல் "மி"யைப் பிளந்திருந்தது. ஒரு துண்டு "தம" என்று முடிகிறது, அடுத்தது வெறும் இகரக் குறியோடு தொடங்குகிறது. தவறு என்னுடையது. உரையை எழுத்து, சொல், வாக்கியம் எனப் பிரித்துத் தரும் 'இன்டில் செக்மென்டர்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதியைக் கொண்டு வாக்கியம் முடியும் இடத்தில் வெட்டும்படி மாற்றினேன். இப்போது சொல் உடைவதில்லை. ஆனால் ஒவ்வொரு துண்டிலும் குரல் புதிதாக மூச்செடுத்துத் தொடங்குகிறது. கதையின் உருக்கமான பத்தி செய்தி அறிக்கை போல ஒலிக்கிறது. இதை என்னால் சரிசெய்ய முடியவில்லை.

கட்டணத்திலும் இதே கதைதான். எழுத்துக்கு இவ்வளவு என்கிறீர்கள், ஆனால் எண்ணுவது யூனிகோட் குறியீட்டை. 3 எழுத்துச் சொல்லுக்கு 5 எழுத்தின் காசு.

வரும் ஒலி எத்தனை நொடி ஓடுகிறதோ, அதை வைத்து வரம்பையும் கட்டணத்தையும் வையுங்கள். எந்த மொழிக்கும் அது நியாயமாக இருக்கும். அது உடனே முடியாதென்றால், வரம்பு தாண்டும்போது எந்த எழுத்தில் தாண்டியது என்றாவது பிழைச் செய்தியில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் நிரலாளன்