அந்த அனுபவச் சான்று நமக்கு வேண்டாம்

மயிலாடுதுறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ நடுவிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். இது நிதானமாகப் படிக்க வேண்டிய விஷயம். அதனால்தான் கடிதம்.

உன் கனடா பிஆருக்காக, அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்காக, சித்தப்பா வாங்கித் தருவதாகச் சொன்ன அந்த அனுபவச் சான்று நமக்கு வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நீ அங்கே தவிப்பது அவருக்கும் தாங்கவில்லை. "யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் அண்ணி, கனடாக்காரன் நம்ம ஊருக்கு வந்தா விசாரிப்பான்?" என்றார். கொரோனா வந்து சைட் வேலை நின்று நீ வீட்டில் இருந்தாய் அல்லவா, அந்தக் காலத்தில் அவர் நண்பரின் கட்டுமானக் கம்பெனியில் வேலை பார்த்ததாக எழுதிக் கொடுத்தால் உன் இந்திய அனுபவம் மூன்று வருஷம் ஆகிவிடுமாம். நீயும் யோசித்துச் சொல்கிறேன் என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, அந்தப் பொய்யால் என்னதான் கிடைக்கும்? பிஆருக்கு விண்ணப்பிக்க யாரை அழைப்பது என்று பார்க்க அவர்கள் போடுகிற புள்ளிக் கணக்கை உனக்கு நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 110. பி.இ.யும் அங்கே முடித்த இரண்டு வருஷ டிப்ளமோவும் சேர்ந்து 128. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் நான்கு பகுதியிலும், கனடாவின் மொழி அளவுகோலான சிஎல்பியில் 9-ஆம் நிலை, அதற்கு 124. கனடாவில் ஒரு வருஷ வேலைக்கு 40. படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்து வரும் கூட்டுப் புள்ளி 50. சென்னையில் நீ பார்த்த இரண்டு வருஷ வேலை, ஆங்கிலத்தோடும் கனடா அனுபவத்தோடும் சேர்ந்து 38. அங்கேயே படித்ததற்கு 15. ஆக மொத்தம் 505.

இதில் இந்திய அனுபவத்தை மூன்று வருஷம் என்று மாற்றினால் 38 என்பது 50 ஆகும். அதற்கு மேல் போகாது, உச்சவரம்பே அவ்வளவுதான். பன்னிரண்டு புள்ளி! அதிலும் கேள். அங்கே உனக்கு இரண்டாவது வருஷம் முடிந்ததும், உண்மையான இரண்டு வருஷ அனுபவமே அந்த 50-ஐத் தொட்டுவிடும். அன்றைக்கு அந்தப் பொய்ச் சான்று ஒரு புள்ளிகூடக் கூட்டாது, ஆனால் ஃபைலில் மட்டும் இருக்கும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் என் உத்தியோக காலம் முழுக்கப் பத்திரங்களோடுதான் போனது. பொய்யான வாரிசுச் சான்றோ ஆள்மாறாட்டம் செய்து போட்ட கையெழுத்தோ, பதிவாகிற அன்றைக்கு எல்லாம் சுமுகமாக நடக்கும். இருபது முப்பது வருஷம் கழித்து, பேரன் வீடு கட்ட லோன் கேட்டு, பேங்க் வக்கீல் மூலப்பத்திரத்தைப் புரட்டும்போதுதான் வில்லங்கம் தலைகாட்டும். எழுதியவர் போய்ச் சேர்ந்திருப்பார். அவஸ்தை பேரனுக்கு.

கனடாவிலும் அப்படித்தான் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்களுடைய குடியேற்றச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, தவறான தகவல் கொடுத்தது தெரிந்தால் ஐந்து வருஷம் நுழையத் தடை. அந்த ஐந்து வருஷமும் பிஆருக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. பிஆர் கைக்கு வந்தபின் கண்டுபிடித்தாலும் எடுத்துவிடலாம். குடியுரிமை வாங்கிய பிறகும், பொய் சொல்லி வாங்கியது என்றால் ரத்து செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்புறம், அவர்கள் நம் ஊருக்கு வந்து விசாரிக்க வேண்டிய தேவையே இல்லை. ஸ்டடி பர்மிட்டுக்கு நீயே என்ன எழுதிக் கொடுத்தாய்? 2020-க்குப் பிறகு வீட்டில் இருந்தேன், சாஃப்ட்வேர் கோர்ஸ் படித்தேன் என்று எழுதினாய். அது அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். சந்தேகம் வந்தால் சம்பளம் எந்தக் கணக்கில் வந்தது, பிஎஃப் பிடித்தார்களா என்று கேட்பார்கள். எதைக் காட்டுவாய்?

ஏஜெண்டு சொன்ன இன்னொரு வழி, பணம் கொடுத்து எல்எம்ஐஏ வாங்குவது, அதாவது வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்கக் கம்பெனிக்கு அரசு தரும் ஒப்புதலையும் வேலைக் கடிதத்தையும் விலைக்கு வாங்குவது. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு முன்பெல்லாம் 50 புள்ளி இருந்தது, பெரிய மேலாளர் பதவிக்கு 200. அதை விலைபேசி விற்கிறார்கள் என்பதால்தான் 2025 மார்ச் 25-ஆம் தேதியோடு அந்தப் புள்ளிகளையே எடுத்துவிட்டார்கள். இது தெரிந்தும் ஒருவர் இன்னமும் விற்கிறார் என்றால், அவர் உன் அப்பாவின் பென்ஷனைக் குறிவைக்கிறார் என்று அர்த்தம்.

போன வாரம் நீ அழுதபடி சொன்னாய், "என்னை ஒரு நம்பராக்கிட்டாங்கம்மா" என்று. எனக்கும் வலித்தது. ஆனால் இந்த நம்பர் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தேடிப் படித்தேன். 1951-ல் இந்தியா முழுமைக்கும் சேர்த்து வருஷத்துக்கு 150 பேர் என்றுதான் கனடா இடம் கொடுத்தது. 1957-ல் அது 300 ஆனது. எவ்வளவு படித்திருந்தாலும், எந்தத் தொழில் தெரிந்திருந்தாலும், பிறந்த நாடு எது என்பதுதான் முதல் கேள்வி. 1967-ல்தான் படிப்பு, மொழி, வயது, தொழில் என்று மதிப்பெண் போடும் முறை வந்தது. அன்றிலிருந்துதான் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைக்குச் சிபாரிசு இல்லாமல் அந்தக் கதவைத் தட்ட முடிகிறது. அந்த எண் உன் கல்யாண குணங்களை அளக்கவில்லை பாப்பா. நீ ராத்திரி ஷிஃப்டில் காபி கடையில் நின்றுகொண்டே படித்து முடித்ததற்கு அதில் ஒரு புள்ளியும் இல்லை. எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும்.

உன் சீனியர் பெண் 2021-லேயே பிஆர் வாங்கிவிட்டாள் என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்காதே. அந்த வருஷம் பிப்ரவரி 13 அன்று, அழைப்புக்கு வேண்டிய கட்-ஆஃப் புள்ளி 75-க்கு இறங்கி, ஒரே நாளில் 27,332 பேரை அழைத்தார்கள். எல்லைகள் மூடிக் கிடந்ததால் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். அவள் கெட்டிக்காரிதான், ஆனால் அந்த நாள் அவளுக்கு வாய்த்தது. 2025-ல், உன்னைப் போல அங்கே வேலை பார்த்தவர்களுக்கான கனடா அனுபவப் பிரிவின் கட்-ஆஃப் 510-க்குக் கீழே வரவே இல்லை. அந்த வருஷம் மொத்தப் பிஆர் இலக்கையே 3,95,000 ஆகக் குறைத்துவிட்டார்கள், அதற்கு முந்தைய வருஷம் 4,85,000 இருந்தது. காற்று மாறியிருக்கிறது. அது உன் குறை இல்லை.

இனி என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன். தையில் உனக்கு 30 பிறக்கும்போது வயதில் 5 புள்ளி போகும். அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஐந்து, ஆறு என்று குறையும். அதைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் இரண்டாவது வருஷ வேலை முடிந்ததும் அனுபவத்துக்கு 13, கூட்டுப் புள்ளியில் 12 என 25 வரும். ஐந்து போனாலும் 525-ல் நிற்பாய். அதோடு பிரெஞ்சைச் சேர்த்துப் பார்.

பிரெஞ்சில் நான்கு பகுதியிலும் ஏழாவது நிலை எட்டினால், உன் ஆங்கிலத்தோடு சேர்ந்து 50 கூடுதல் புள்ளி. இரண்டாவது மொழிக்கென்று தனியாக 12. மொத்தம் 62. பொய்ச் சான்று தருவதாகச் சொன்னது 12, இது 62! அது மட்டுமா, பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று 2023 முதல் தனியாகவே அழைப்பு நடக்கிறது. 2025 மார்ச் 21 அன்று அந்தப் பிரிவில் 379 வரை இறங்கி 7,500 பேரை அழைத்தார்கள். 379 எங்கே, உன் 505 எங்கே! ஏழாவது நிலை லேசில் வராது என்பதும் தெரியும். ஒரு வருஷமாவது விடாமல் உழைக்க வேண்டும். உன் வேலை பர்மிட் 2027 வரை இருக்கிறது. காலம் இருக்கிறது.

காகிதங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது என் தொழில். சென்னைக் கம்பெனி கொடுத்த பழைய சான்றில் பதவியும் தேதியும் மட்டும்தான் இருந்தது. அப்பா நேரில் போய்ப் பேசி, என்னென்ன வேலை பார்த்தாய், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு என்பதையெல்லாம் சேர்த்து லெட்டர்ஹெட்டில் வாங்கிவந்துவிட்டார். ஒரு வரி கூட மிகை இல்லை. இப்போதைய கம்பெனியிலும் இதே மாதிரி கேட்டுவை. நீ அளவெடுத்து மதிப்பீடு போடுகிற வேலையை உள்ளபடி எழுதச் சொல். 22303 என்ற உன் தொழில் குறியீட்டுக்கு அதுதான் பொருந்தும், "இன்ஜினியர்" என்று பெரிதாகப் போடச் சொல்லாதே. டிகிரி சான்றில் உன் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் போட்டுவைப்பது நல்லது. ஐஈஎல்டிஎஸ் இரண்டு வருஷம்தான் செல்லும், படிப்பு மதிப்பீட்டு அறிக்கை ஐந்து வருஷம். இரண்டின் தேதியையும் பார். அழைப்பு வந்தால் அறுபது நாளுக்குள் எல்லாம் ஏற்ற வேண்டும், அப்போது ஓட முடியாது.

கல்யாண விஷயம். கும்பகோணத்து வரன் வீட்டார் "பிஆர் வந்துவிட்டதா" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். இப்போது ரிஜிஸ்டர் செய்துவிடலாம், ஃபாரத்தில் சிங்கிள் என்றே இருக்கட்டும், புள்ளி குறையாது என்று யாரோ அவர்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆனால் உடனே தெரிவிக்க வேண்டும். கணவரை மறைத்து பிஆர் வாங்கினால், பிறகு அவரை ஸ்பான்சர் செய்யவே முடியாமல் போகும் என்று விதி இருக்கிறது. அவர் இங்கே, நீ அங்கே என்று ஆகிவிடும். உன் மனசுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தால் நிச்சயம் மட்டும் செய்வோம், நிச்சயம் கல்யாணம் ஆகாது. அல்லது கல்யாணத்தையே செய்து, உள்ளதை எழுதி, வருகிற புள்ளியை வாங்கிக்கொள்வோம். எது என்பதை நீ சொல். ஒரு விண்ணப்பத்துக்காக உன் கல்யாணத்தைத் திருட்டுத்தனமாக நடத்த எனக்கு இஷ்டமில்லை.

எல்லாம் செய்தும் 2027-க்குள் வரவில்லை என்றால்? அதையும் யோசித்துவிட்டோம். வா. படிப்புக் கடனில் பாதிக்கு மேல் நீயே கட்டிவிட்டாய், மீதியை இங்கிருந்தும் கட்டலாம். ரோடும் மெட்ரோவும் கட்டுகிற ஊரில் மதிப்பீடு போடத் தெரிந்தவளுக்கு வேலை கிடைக்காமல் போகாது. ஊர் வாய்க்குப் பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம். இந்த பயத்தில் மட்டும் சித்தப்பாவின் சான்றுக்குத் தலையாட்டிவிடாதே. அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீ சங்கடப்பட வேண்டாம்.

பிரெஞ்சுக்கு ஆள் பார்த்துவிட்டேன். காரைக்காலில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு டீச்சர், பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீடியோவில் வகுப்பு எடுக்கிறார். அவருக்கு நம் காலை 6 மணி வசதி. உனக்கு அது முந்தின இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஏழரை. ஆரம்பம் அவரிடம் போட்டுக்கொள், பிடிப்பு வந்தபின் டொராண்டோ அலியான்ஸ் பிரான்சேஸில் சேர்ந்து டெஃப் கனடா தேர்வுக்குத் தயாராகலாம். வாரத்தில் எந்தெந்த நாள் உனக்கு ஒத்துவரும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். டீச்சரிடம் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா