பிளாங்க் நேரம் காலத்தின் துண்டு அல்ல

மயிலாப்பூர், சென்னை

அன்பு மகள் கயல்விழிக்கு,

"காலமும் துண்டு துண்டுதான் அம்மா, பிளாங்க் நேரம்தான் ஒரு துண்டு" என்று போனில் ஒரே போடாகப் போட்டுவிட்டாய். அது இன்னும் தீராத வழக்கு. பேச்சில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

1899-ல் ஜெர்மன் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் செய்தது அலகுத் தேடல். ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, தன் பெயரால் இன்று வழங்கும் மாறிலி மூன்றையும் பெருக்கி வகுத்து, மீட்டரும் கிலோவும் வேண்டாத அளவுகளை எடுத்தார். அதில் வரும் நேரம்தான் பிளாங்க் நேரம், இன்றைய வழக்கில் சுமார் 5.39 × 10⁻⁴⁴ விநாடி. அதை யாரும் அளந்ததில்லை. 2020-ல் ஜெர்மனியில், ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறை ஒளி கடக்கும் நேரத்தை அளந்தார்கள்: 247 செப்டோ விநாடி, அதாவது 2.47 × 10⁻¹⁹ விநாடி. அதுவே பிளாங்க் நேரத்தைப்போல் கோடி கோடி கோடி மடங்குக்கும் மேல் பெரியது. பிளாங்க் நேரம் போன்ற சிறிய அளவில், ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியலும் அணுவுலகை விளக்கும் குவாண்டம் கொள்கையும் சேர்ந்து விடை தருவதில்லை. நம் கணக்கு கைவிடும் இடம் அது. அங்கே காலமும் முறிகிறது என்று எதை வைத்துச் சொல்வது?

குவாண்டம் என்றாலே எல்லாம் படிகள் என்று பலரும் நினைக்கிறார்கள். அணுவுக்குள் எலக்ட்ரானின் ஆற்றல் படிப்படியாக இருப்பது உண்மை. ஆனால் குவாண்டம் கொள்கைக்கு அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் காலம் இடைவெளி இல்லாமல் ஓடும் எண்தான். சீசியம் கடிகாரம் 9,192,631,770 அதிர்வுகளை எண்ணி ஒரு விநாடி என்கிறது, எண்ணப்படுவது அதிர்வு. உன் வீணையில் 24 மெட்டு இருக்கிறது. தோடியின் காந்தாரத்தைத் தந்தியை இழுத்து வாசிக்கும்போது நாதம் மெட்டு மெட்டாகவா தாவுகிறது?

எனக்குப் பெரிய தடையாகப் படுவது சார்பியல். எல்லோருக்கும் ஒரே அளவில் ஒரு படி என்றால், அது யாருடைய கடிகாரத்தில்? வேகமாகப் போகிறவரின் அளவு வேறாயிற்றே. 2009 மே மாதம் 700 கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலிருந்து ஒரு காமாக் கதிர் வெடிப்பு வந்தது. காலமும் வெளியும் சேர்ந்த கால-வெளி துண்டுகளால் சொரசொரப்பாக இருந்து, ஆற்றல் கூடக்கூட ஒளியைத் தாமதப்படுத்தினால், அதன் மிக ஆற்றல் மிக்க ஃபோட்டான் (ஒளித்துகள்) பின்தங்கியிருக்க வேண்டும். ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியில் அது மற்றவற்றோடு ஒரு விநாடிக்குள் வந்து சேர்ந்துவிட்டது! இதனால் எல்லாத் துண்டுக் கொள்கையும் விழுந்துவிடவில்லை. இயற்பியலாளர் ரஃபேல் சார்கினின் கொள்கை, கால-வெளியைத் தனித்தனி நிகழ்வுப் புள்ளிகளாகக் கொண்டு, அவற்றை வரிசையில்லாமல் தூவிவிடுவதால் சார்பியலோடு மோதாமல் தப்பிக்கிறது. காலம் துண்டுதான் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று என் மனம் சாய்கிறது. கடிகார முள் மாதிரிச் சீராகத் தாவும் படியை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் குவாண்டம் ஈர்ப்பில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது அங்கே பொது உரை ஏதாவது இருந்தால் சேர்ந்து போகலாம். அதற்குமுன், சீரான படியையும் சார்பியலையும் ஒன்றாகக் காப்பாற்ற வழி தெரிந்தால் விவரமாக எழுது.

அன்புடன்,
அம்மா