கமலாவுக்கு, தோள் விஷயமாக

அன்புள்ள கமலா,

உன் கடிதமும் பேத்தியின் படங்களும் வந்து சேர்ந்தன. மூக்கு அப்படியே உன் மாமியார் மூக்கு. இதை மருமகளிடம் சொல்லிவிடாதே. இங்கே எல்லாரும் நலம். செல்வி வந்திருந்தாள், வழக்கம்போல் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டாள்.

இனி உன் தோளுக்கு வருகிறேன். கிழிந்த தசைநாணைத் தைக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதிய கையோடு, "பிசியோதெரபிக்கெல்லாம் அலைய மாட்டேன், கரண்ட் வைக்கிற மிஷினை மகன் வாங்கித் தருகிறான்" என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதே அறுவைக்குப் பிறகு கரண்ட் வைத்துக்கொண்டவள் நான். அதன் அருமை தெரிந்தவள் என்பதால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

உன் மகன் பார்த்துவைத்திருப்பது டென்ஸ். அது தோல்மேல் லேசான கரண்ட் கொடுத்து நரம்புகளைத் தூண்டி வலியைத் தணிக்கும் கருவி. தொடுகையையும் அதிர்வையும் சுமந்துவரும் பருத்த நரம்பிழைகள் சுறுசுறுப்பாக இருக்கும்போது, தண்டுவடத்திலேயே வலிச் செய்தி மட்டுப்படுகிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் எழுதினார்கள். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துவிடுகிறோமே, அதுவும் இந்தக் கணக்குதான். வலி குறைந்தால் தூக்கம் வரும், பயிற்சி செய்யத் தெம்பு வரும். தைத்த நாணை எலும்போடு ஒட்டவைக்கும் வேலை அதனுடையது அல்ல.

தசையையே சுருங்கவைக்கும் கரண்ட் வேறு. என்னை மீட்டது அதுதான். கையைத் தாங்கும் தூளியான ஸ்லிங்கைக் கழற்றிய பிறகு கையை முன்னால் ஓரளவு தூக்க முடிந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னால் மட்டும் ஒன்றுமே நடக்கவில்லை. மனம் ஏவுகிறது, தோள் கேட்கவில்லை. வலியும் வீக்கமும் இருந்த தசையை நரம்பு மண்டலமே அடக்கி வைத்துவிடுமாம். அந்தப் பெண், நம் பத்மா டீச்சரைப் போலவே கண்டிப்பான பிசியோதெரபிஸ்ட், தோள்பட்டை எலும்பின் பின்புறம் இரண்டு பேட் ஒட்டினாள். பத்து விநாடி கரண்ட், முப்பது விநாடி ஓய்வு. கரண்ட் ஏறியதும் கை தானாக வெளியே திரும்பியது! கமலா, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளோ, "சும்மா பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அது இழுக்கும்போது நீங்களும் சேர்ந்து திருப்புங்கள்" என்றாள்.

எல்லாச் சூட்சுமமும் அந்தச் 'சேர்ந்து' என்பதில்தான் இருக்கிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், இதே அறுவை செய்துகொண்டவர்களுக்கு இதே தசையில் கரண்ட் வைத்தபோது, வெளிப்பக்கம் திருப்பும் விசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ஆனால் அது கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்த விசை. மிஷினை நிறுத்திய பிறகும் அந்தப் பலம் நிற்க வேண்டுமானால் நாம்தான் பயிற்சி செய்ய வேண்டும். இதற்கு முன் நான் போன ஓர் இடத்தில் பேட்டை ஒட்டிப் படுக்கவைத்துவிட்டுப் பையன் போய்விடுவான். மணி அடித்ததும் காசு கட்டிவிட்டு வர வேண்டும். கை ஒரு அங்குலம் கூட அசையாது. அறுவைக்கு அவ்வளவு செலவழித்து வருகிறவர்களை இப்படி அனுப்பிவைக்கிறார்களே என்று இன்றும் ஆத்திரமாக வருகிறது.

அவசரமும் கூடாது. பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஸ்லிங். அதுவரை பிறர் அசைத்துவிடுவது, ஊசலாட்டப் பயிற்சி போன்றவைதான். பிறகே நாமாக அசைப்பது. பளு சேர்ப்பது ஏறக்குறைய 12 வாரத்துக்குப் பிறகு. எந்தத் தசையில் எப்போது கரண்ட் வைக்கலாம் என்பதை, எந்த நாணைத் தைத்தார், எவ்வளவு கிழிந்திருந்தது என்று அறிந்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். புது நாணைத் தசை முரட்டுத்தனமாக இழுத்தால் தையல் தாங்காது.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. உன் வீட்டுக்காரருக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது. மிஷின் வீட்டில் இருந்தால் முழங்கால் வலிக்கு என்று அவர் எடுத்து ஒட்டிக்கொள்வார். எனக்கு அவரைத் தெரியாதா? இதய டாக்டரைக் கேட்காமல் அவர் அதைத் தொடவே கூடாது. உனக்கோ சர்க்கரை. தோலில் உணர்ச்சி குறைந்த இடத்தில் கரண்ட் அளவு மீறினாலும் தெரியாது, தோல் புண்ணாகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தைத்த நாண் ஆறுவதும் தாமதப்படும். அல்வாவை நிறுத்து.

அறுவைக்கு முன்பே டாக்டரிடம் பயிற்சிக்கான வாராந்தரத் திட்டத்தை எழுதி வாங்கிக்கொள். பஸ் ஏறிப் போக அலுப்பாக இருந்தால் முதல் மாதம் இங்கே வந்து இரு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் நானே உன்னைக் கூட்டிப்போகிறேன். ராஜம் அடுத்த வாரம் உன் ஊருக்கு வருகிறாள், மாவடு கொடுத்தனுப்புகிறேன். தேதி முடிவானதும் அவளிடமே சொல்லியனுப்பு.

உன்,
விசாலம்