கருவேப்பிலை வாசனை

ரங்கூன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கொரோனாவில் வந்த காய்ச்சல் விட்டுவிட்டது, சோதனையில் இப்போது ஒரே கோடுதான், வயிறு மட்டும் பத்து நாளாகச் சரியில்லை என்று நேற்று போனில் சொன்னாய். சிங்கப்பூர்க் கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணமும் நீயே சொல்லிக்கொண்டாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

2021 ஜூலையில் நானும் அப்படித்தான் சொன்னேன். நீ பயப்படுவாய் என்று அப்போது முழுதாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. விடியற்காலையிலிருந்து பேதியும் குமட்டலும்தான். முந்தின நாள் தெருமுனையில் வாங்கிய மொஹிங்கா மீன்குழம்பு நூடுல்ஸ் மேல் பழியைப் போட்டேன். மூன்றாம் நாள் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள், "கருவேப்பிலை போடலையா?" என்றாள். அது எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது, பாப்பா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோதித்தால் இரண்டு கோடு. விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 91 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ஊரே சிலிண்டரோடு வரிசையில் நின்ற நாட்கள் அவை. அந்த மூன்று நாளை நான் விட்டது இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

அப்புறம் டாக்டர் விளக்கினார். இந்தக் கிருமி உடம்புக்குள் நுழையப் பிடித்துக்கொள்கிற ஏஸ்-2 என்ற புரதம் நுரையீரலில் மட்டும் இல்லை, சிறுகுடலின் உள்பக்கத்தில் நிறைய இருக்கிறதாம். அதனால்தான் பேதி, வாந்தி, பசியின்மை. மூக்கில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் மலத்தில் பல நாள் கிருமியின் தடயம் இருக்கலாம். சிலருக்குக் கல்லீரலும் பாதிக்கும். அரிதாக, குடலுக்குப் போகிற ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதில்தான் உயிருக்கே ஆபத்து. தாங்க முடியாத வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், மலம் கறுப்பாகப் போவது, இதில் ஒன்று இருந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காதே, ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

இது எதுவும் இல்லாவிட்டாலும் பத்து நாள் என்பது அதிகம். நாளைக்கே டாக்டரைப் பார், கொரோனா வந்து போனதையும் சொல். நீயாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதே. குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் அது அழித்துவிடும். கொரோனா போன பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் குடல் பழைய நிலைக்கு வராது. அம்மாவுக்கும் தீபாவளி வரை இழுத்தது.

கடையில் உப்புக்கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டருக்குச் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தலைதட்டி அள. உப்பு கூடிவிடக் கூடாது. கரண்டு இல்லாத ராத்திரிகளில் டார்ச் வெளிச்சத்தில் நான் அப்படித்தான் கலக்கி, அம்மாவுக்கு மடக்கு மடக்காகக் கொடுத்தேன். கடகடவென்று குடித்தால் வாந்தி வந்துவிடும்.

போன வாரம் ஆள் மூலமாக அனுப்பிய லெப்பெட் தேயிலை ஊறுகாயை இப்போது பிரிக்காதே. கொஞ்ச நாள் கஞ்சி குடி. அம்மா காலையில் காளியம்மன் கோயிலில் உன் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். டாக்டரைப் பார்த்ததும் போன் பண்ணு, அவள் பக்கத்திலேயே இருப்பாள்.

அன்புடன்,
அப்பா