செயலாளரின் ஆண்டறிக்கை: வெள்ளவத்தையிலிருந்து கதிர்காமம், இன்னும் போகாத பயணம்

தலைவர் அவர்களுக்கும், சங்க உறுப்பினர்களுக்கும், "எப்பதான் வெளிக்கிடுறது?" என்று கேட்பதற்காகவே பின்வரிசையில் வந்து இருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சென்ற பொதுக்கூட்டத்தில் நாம் தீர்மானித்த கதிர்காம சைக்கிள் பயணம் இந்த ஆண்டு நடக்கவில்லை. மழை, விலைவாசி, பிள்ளைகளின் பரீட்சை என்று காரணங்கள் அடுக்கலாம். ஆனால் நாம் போட்ட திட்டமே பிழை. போட்டவன் நான்.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. ஞாயிறு காலை ஓட்டம் மழை நாட்கள் தவிர நின்றதில்லை. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துச் சைக்கிள் வாங்கியவர்கள்தான் நம்மில் பாதிப்பேர். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் சைக்கிளை பல்கனியில் துணி காயப்போட விடாமல் வைத்திருப்பதே ஒரு சாதனை என்று நினைக்கிறேன்.

இனிப் பயணத் திட்டம். பழைய திட்டம் இரண்டு நாள். முதல் நாள் மாத்தறை, சுமார் 150 கிலோமீற்றர். மறுநாள் கதிர்காமம், இன்னொரு 125. காலி வீதி கடலோரத்தில் தட்டையாகக் கிடக்கிறது, ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, மிதித்தால் போய்விடலாம் என்பது என் கணக்கு. வரைபடத்தில் வெயில் தெரிவதில்லை.

மார்ச் மாதம் பரீட்சார்த்தமாகப் பெந்தோட்டை வரை போய்த் திரும்பினோம். போக 55, வர 55. அதிகாலை நாலரைக்குப் பதினான்கு பேர் புறப்பட்டோம். விடியும் நேரம் பாணந்துறையைத் தாண்டிவிட்டோம். எல்லோருக்கும் உற்சாகம்தான், பாட்டுக்கூட வந்தது. களுத்துறைப் பாலத்துக்குக் கிட்ட ஒருவருடைய பின்சில்லில் காற்றுப் போனது. ரியூபைக் கழற்றி ஒட்டினோம். ஒரு கிலோமீற்றரில் மறுபடி போனது. திரும்ப ஒட்டினோம், திரும்பவும் போனது. டயரைக் கையால் தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த ஒரு வயதான ஐயா வந்து, டயரை உட்புறம் வெளியே வரத் திருப்பினார். ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து உட்புறமெங்கும் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் பஞ்சு மாட்டி நின்றது. தலைமயிர் அளவுக்கு ஒரு கம்பி. வெடித்த லொறி டயர்களிலிருந்து உதிரும் கம்பியாம், இந்த வீதியில் அதுதான் சனியன் என்றார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அன்றிலிருந்து நமது முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டரோடு பஞ்சும் இரண்டு வேலைக்கு இருக்கிறது.

அந்த ஒரு மணி நேரத் தாமதத்துக்கு வந்த வழியெல்லாம் வட்டி கட்டினோம். பெந்தோட்டையில் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. வாதுவையில் ஒரு உறுப்பினருக்குத் தொடை பிடித்து, தலையும் சுற்றியது. ஜீவனி உப்புத்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, மர நிழலில் படுக்க வைத்து, கடைசியில் அவரையும் சைக்கிளையும் ஒரே ஓட்டோவில் ஏற்றினோம். சைக்கிளின் முன்சில்லு வெளியே நீட்டிக்கொண்டிருக்க அவர் வீடு போய்ச் சேர்ந்தார். மற்றவர்கள் வெள்ளவத்தைக்கு வரும்போது பிற்பகல் இரண்டேகால். 110 கிலோமீற்றருக்கு ஒன்பதே முக்கால் மணி நேரம்! இதே கணக்கில் மாத்தறைக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அதற்கு அடுத்த நாள் நாலரைக்கு யார் எழும்புவது?

ஆகவே செயற்குழு முன்வைக்கும் புதிய திட்டம் மூன்று நாள்.

முதல் நாள் காலி, 110 கிலோமீற்றர். நீளம்தான், ஆனால் புறப்படுவது நம் ஊர், அத்துடன் பாதி வழி பழகிய வழி. ஆபத்து தூரத்தில் இல்லை, பஸ்ஸில் இருக்கிறது. நம்மை முந்திக்கொண்டு வந்து, நமக்கு முன்னாலேயே இடப்பக்கம் வெட்டி நிறுத்தி ஆள் இறக்குவார்கள். நிற்கும் பஸ்ஸுக்கு இடப்பக்கத்தால் புகுந்து போகிறவர் அந்த இடத்திலேயே பயணத்திலிருந்து நீக்கப்படுவார் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. இதில் சலுகை இல்லை, தலைவருக்கும்தான். ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால், 2004 டிசம்பர் 26இல் கடல் ரயிலை அள்ளிய பெரெலியவில் இறங்கிச் சிறிது நேரம் நிற்போம்.

இரண்டாம் நாள் தங்காலை, சுமார் 80. கண்ணுக்கு விருந்து இந்த நாளில்தான். உனவட்டுனவிலிருந்து வெலிகம வரை வீதி அடிக்கடி கடலைத் தொட்டுக்கொண்டு போகும். மாத்தறைக்கு அப்பால் தெய்வேந்திரமுனை, இலங்கையின் தென்கோடி. "பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை" என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வருகிறோம். நம்மில் எத்தனை பேர் அந்த முனையைப் பார்த்திருக்கிறோம்? மழை கொட்டிய ஒரு ஞாயிறு, ஓட்டத்துக்குப் பதிலாக ஒன்பது பேர் கொழும்பு நூதனசாலைக்குப் போய், 1911இல் காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டைப் பார்த்தோம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த அந்தக் கல் 1409ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. தெனவரை என்பது இந்த முனையில் இருந்த கோயில்தான். 1588இல் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள். கல்லைக் கொழும்பில் பார்த்தாயிற்று, ஊரைச் சைக்கிளில் போய்ப் பார்ப்போம். வெளிச்சவீட்டடியில் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம், பொருளாளர் படம் எடுப்பதற்குத் தனியாகப் பதினைந்து நிமிடம்.

மூன்றாம் நாள் கதிர்காமம், 85க்குக் கிட்ட. தூரம் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம், கஷ்டமான நாள் இதுதான். அம்பலாந்தோட்டையில் வளவை கங்கையைத் தாண்டினால் தென்னந்தோப்பு மறைந்து முட்பற்றை வந்துவிடும். நிழல் இல்லை. பெப்ரவரியில் வாடைக்காற்று முகத்தில் அடிக்கும். இலங்கையின் முதல் காற்றாலைகளை 1999இல் அம்பாந்தோட்டையில் நட்டார்கள், சும்மா நடவில்லை. அத்துடன், கொழும்பிலிருந்து கூடவே வரும் ரயில் பாதை பெலியத்தையோடு முடிந்துவிடுகிறது. முதல் இரண்டு நாளும் களைத்தவர் ஏதாவதொரு ஸ்டேஷனில் ஏறி வீடு போகலாம், மூன்றாம் நாள் அது நடவாது. எனவே அன்றைக்கு வான் கட்டாயம். திஸ்ஸமஹாராமவுக்கு அப்பால் யானை நடமாட்டம் உண்டு, பொழுது சாய முன் கதிர்காமம் போய்ச் சேர வேண்டும்.

காலத்தைப் பற்றிக் குழுவில் பெரிய வாக்குவாதம் நடந்தது. மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு ஆடிவேல் திருவிழாக் காலத்தில் போய்க் கொடியேற்றத்துக்கு நிற்க ஆசை. ஆசை நியாயமானது. ஆனால் அப்போது தென்மேற்குப் பருவக்காற்று, காலி வரை நனைந்தபடி போக வேண்டும், கதிர்காமத்தில் படுக்க ஒரு பாய் கிடைக்காது. பெப்ரவரி கடைசி வாரம் என்பது எட்டுக்கு மூன்று வாக்கில் முடிவானது. மூவரும் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கதிர்காமத்தோடு நிற்காமல் கடலோரமாகவே பொத்துவில், மட்டக்களப்பு வரை போகலாமே என்றும் ஒரு கடிதம் வந்தது. நல்ல ஆசை, ஆனால் கடலோரத்தில் வீதி இல்லை. இடையில் கிடப்பது யால, குமண காடு. பாதயாத்திரைக் காலத்தில் அடியார்கள் நடந்து போக மட்டும் அந்த வழியைத் திறப்பார்கள். சைக்கிளுக்கு மொனராகலைப் பக்கம் சுற்றித்தான் போக வேண்டும். அது வேறு பயணம், வேறு செயலாளரின் காலத்தில் நடக்கட்டும்.

ஒரு மனக்குறையும் உண்டு. காலியில் ஒரு விடுதிக்கு முற்பணம் கட்டியிருந்தோம். திகதியை மாற்றக் கேட்டபோது, அப்படி ஒரு பணம் வரவில்லை என்றார்கள். பற்றுச்சீட்டைக் காட்டிய பிறகு பாதி வந்தது. மீதியை நட்டமாக எழுதியிருக்கிறோம். இனி முற்பணம் கட்டுமுன் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்ற தீர்மானத்தைச் சபையின் முன் வைக்கிறேன்.

பெயர் தருபவர்கள் ஜனவரி முடிவதற்குள் பெந்தோட்டை ஓட்டத்தை ஒருமுறையாவது முடித்திருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு ரியூப், பின்னால் சிவப்பு விளக்கு, தலைக்கவசம், இரண்டு தண்ணீர்ப் போத்தல். பிரேக் கட்டையை நான் நேரில் வந்து பார்ப்பேன். தாளை இப்போது முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். பேனா ஒன்றுதான் இருக்கிறது, எழுதியவுடன் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள்.

செயலாளர்