உங்கள் ஆதரவுக்கு இன்னும் நிபந்தனை உண்டா?

லாக் கேபின் ரிபப்ளிகன்ஸ் அமைப்பின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அமெரிக்கக் குடியரசுக் கட்சியை ஆதரிக்கும் தன்பால் ஈர்ப்பாளர்களின் அமைப்பு உங்களுடையது. தன்பால் ஈர்ப்பாளர்களுக்குக் குடியரசுக் கட்சியில் என்ன வேலை என்று இரு தரப்பிலிருந்தும் உங்களைக் கேட்கிறார்கள். நான் அதைக் கேட்க வரவில்லை. குறைந்த வரியையும் சிறிய அரசாங்கத்தையும் நம்புகிறவர் யாரை நேசிக்கிறார் என்பது கட்சிக்குத் தேவையில்லாத விஷயம். ஆனால், கட்சி வேட்பாளர்களுக்கு நீங்கள் தரும் ஆதரவு இன்று எந்த நிபந்தனையும் இல்லாமல் போய்விட்டதோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

1978இல் தன்பால் ஈர்ப்பாளர்களை ஆசிரியர் வேலையிலிருந்து விரட்டும் பிரிக்ஸ் முன்மொழிவு கலிபோர்னியாவில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ரொனால்ட் ரீகனே அதை வெளிப்படையாக எதிர்த்தார். முன்மொழிவு தோற்றது. அந்தப் போராட்டத்தின் பிள்ளை உங்கள் அமைப்பு. 1995இல் நீங்கள் கொடுத்த 1,000 டாலர் நன்கொடையை, கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட பாப் டோல் தரப்பு திருப்பி அனுப்பியது. விஷயம் வெளியே வந்து கண்டனம் எழுந்த பிறகுதான், அது தவறு என்று டோல் சொன்னார்.

2004ஐ நான் மிகவும் மதிக்கிறேன். தன்பாலினத் திருமணத்தைத் தடுக்க அரசியலமைப்பையே திருத்தலாம் என்றார் அதிபர் புஷ். நீங்கள் அவருக்கு ஆதரவு தரவில்லை. அதோடு நிற்காமல், தன்பால் ஈர்ப்பை மறைத்துக்கொண்டால்தான் ராணுவத்தில் இருக்கலாம் என்ற விதியை எதிர்த்து, சொந்தக் கட்சி ஆட்சியில் இருக்கும்போதே வழக்குப் போட்டீர்கள். 2010இல் நீதிபதி வர்ஜீனியா பிலிப்ஸ் அந்த விதி அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். கட்சிக்குள் இருந்துகொண்டே இதைச் செய்தீர்கள்.

2022இல் ஹூஸ்டனில் நடந்த கட்சியின் டெக்சாஸ் மாநில மாநாட்டில் உங்களுக்குக் காட்சி அரங்கு (ஸ்டால்) மறுத்தார்கள். அங்கே நிறைவேறிய கொள்கை அறிக்கை தன்பால் ஈர்ப்பை 'இயல்புக்கு மாறான வாழ்க்கைத் தேர்வு' என்றது. அதே ஆண்டு, தன்பாலினத் திருமணங்களுக்குக் கூட்டாட்சி அரசின் அங்கீகாரம் தரும் திருமண மரியாதைச் சட்டத்துக்கு உங்கள் கட்சியின் 12 செனட்டர்கள் வாக்களித்தார்கள் என்பதும் உண்மை. கட்சியின் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள் என்பதும் உண்மை. கட்சியின் 2024 தேசியக் கொள்கை அறிக்கையில் ஆண்-பெண் திருமணம் பற்றிய பழைய வரி இல்லை. அது நல்லதுதான். ஆனாலும் உங்கள் திருமணங்களைக் காப்போம் என்று அதில் யாரும் எழுதித் தரவில்லையே!

2025 ஜனவரியில் திருநர்களை ராணுவத்திலிருந்து விலக்க டிரம்ப் ஆணையிட்டார். அன்று நீதிமன்றத்தில் நீங்கள் பேசிய நியாயம் இவர்களுக்கும் சேர்ந்ததுதானே?

2028 அதிபர் வேட்பாளருக்கு ஆதரவு அறிவிக்கும் முன், மாநில மாநாடுகளில் இடமும் திருமண உரிமைக்கு உறுதியும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், 2004இல் செய்ததை மறுபடி செய்யுங்கள்.

அக்கறையுடன்,
ஒரு வாசகர்